கறுப்பு வெள்ளைப் படத்தில் மண்ணிறத் தொப்பி

தை 16, வியாழன்

சைபருக்குக் கீழே இருபத்தாறு. கண்ணிமை ஒட்டுகிற குளிர். காலையில் பஸ் பிந்தி, வேலைக்கும் பிந்தி. சூப்பர்வைசர் மணிக்கூட்டைக் காட்டினான். முழுநாளும் மெஷினில் கொலர் தைத்தேன்.

வாங்க: லீக்ஸ், பால், இவருக்கு இருமல் மருந்து, கறுப்பு நூல்.

பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு. மதாம் இன்று படிப்பிக்கவில்லை, படம் போட்டா. பழைய இங்கிலாந்துப் படம். கறுப்பு வெள்ளை. பேச்சை மட்டும் பிரெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். முதலில் மேடை நாடகமாம், பிறகுதான் படமாம். அதுதான் எல்லாம் ஒரே அறைக்குள். கடற்கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரியின் புருசன் கப்பலில். மேல் அறை வாடகைக்கு. ஒரு வாத்தியார் வருடத்துக்கு ஒரு கிழமை வந்து தங்குவார். இரண்டு பேரும் மேசையில் இருந்து சீட்டு விளையாடுவார்கள். வேறு ஒன்றும் இல்லை. கைகூடப் படாது. எனக்கு நெஞ்சு இடித்த இடி, பக்கத்துக் கதிரைக்குக் கேட்டிருக்கும்.

பாதியில் மதாம் நிற்பாட்டிவிட்டா. வாத்தியார் பெட்டியோடு படி இறங்குகிற இடம். எல்லாரும் கத்தினோம். மிச்சம் வருகிற வியாழனாம். கடைசி இருபது நிமிடம் எழுதச் சொன்னா: அந்த மனுசி வாய் திறந்தால் அவரிடம் என்ன சொல்லுவாள். முடியாதவர்கள் வீட்டில் எழுதி வரட்டாம்.

நான் எழுதி முடித்தேன். எனக்கே ஆச்சரியம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

பக்கத்துக் கதிரை சிவநேசன் அண்ணை ஒரு எழுத்தும் எழுதவில்லை, பேனையைச் சப்பிக்கொண்டு இருந்தார்.

"வசந்தி, எழுதிப்போட்டீரே?"

"ஓம்."

"தாரும் பாப்பம். பாத்து எழுதிப்போட்டு வாற வியாழன் தாறன்."

"விசரே அண்ணை, மதாம் கண்டுபிடிச்சுப்போடுவா."

"என்ர எழுத்தை அவ எங்க வாசிக்கிறது. கோழி கிளறின மாதிரியெல்லே கிடக்கும்."

கொப்பியைப் பறித்துப் பைக்குள் வைத்துவிட்டார். மெட்ரோ மட்டும் நடந்தோம். நாலு நிமிடம். துறைமுகத்தில் பெரிய லொறியைப் பின்பக்கமாக விட்ட கதை சொன்னார். சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போதுதான் உறைத்தது, நான் என்ன எழுதினேன் என்று.

தை 17, வெள்ளி

சினோ கொட்டுகிறது, றோட்டெல்லாம் வெள்ளைப் பனி. இன்னும் விடவில்லை.

மறக்க முதல் எழுதி வைக்கிறேன். இது தையல் அளவு எழுதுகிற கொப்பி, இவர் திறக்க மாட்டார். நான் பிரெஞ்சில் எழுதினது தமிழில் இவ்வளவு:

உங்கள் மண்ணிறத் தொப்பியைக் கண்டால் எனக்குக் குளிர் தெரியாது.
நீங்கள் இருமினால் நான் எண்ணுவேன்.
நீங்கள் எழும்பிப் போன கதிரையில் வேறு ஆளை இருக்க விடமாட்டேன்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
வியாழன் போதும்.

படம் கறுப்பு வெள்ளை. வாத்தியாரின் தொப்பி என்ன நிறமென்று கடவுளுக்குத்தான் தெரியும். மண்ணிறத் தொப்பி சி. அண்ணையுடையது. படத்தில் வியாழனும் இல்லை. வியாழன் எங்கள் வகுப்பு.

மூன்று வருடம் பக்கத்துக் கதிரை. அவருக்கு மனுசி, நாலு வயதில் ஒரு மகள். எனக்கு இவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிழையாக ஒன்றும் செய்யவில்லை, அதையும் எழுதி வைக்க வேணும். அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுகிறது.

போன் எடுத்து, கொப்பியைத் திறக்காதேங்கோ என்று சொல்லலாம். அவர் மனுசி எடுத்தால்?

வைத்துவிட்டேன். இரண்டு தரம்.

தை 19, ஞாயிறு

வெயில். சினோ கண்ணைக் குத்துகிறது.

இவர் தமிழ்க் கடைக்குப் போய் வந்தார். சப்பாத்தைத் தட்டிக்கொண்டே:

"உன்ர வகுப்பில ஒரு சிவநேசன் படிச்சவரெல்லே? லொறி ஓடுறவர்?"

"ஓம்."

"நேற்றுக் காலமை காரைச் சுத்தி சினோ அள்ளேக்க விழுந்திட்டாராம். அம்புலன்ஸ் வர முதலே முடிஞ்சுதாம். கடைக் கண்ணாடியில படம் ஒட்டிக் கிடக்கு. நாப்பத்தாறு வயசு, பாவம்."

லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தேன். அரிந்தேன். பிறகு பார்த்தால் மூன்று கட்டும் அரிந்து முடித்திருக்கிறேன்.

"எத்தினை பேருக்குச் சமைக்கிறாய்?" என்று கேட்டார்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றேன்.

பின்னேரம் உடுப்புத் தோய்த்தேன். துவாய், படுக்கை விரிப்பு, திரைச்சீலை. கழற்றக்கூடியதெல்லாம்.

என் கொப்பி அந்த வீட்டில். யாராவது பிரெஞ்சு தெரிந்தவர் கையில் எடுத்தால் என் சீவியம் முடிந்தது. அது ஒரு பயம். அதைவிடப் பெரியது மற்றது. வாசித்தாரா, வாசிக்கவில்லையா? வெள்ளிக்கிழமை முழுநாள் இருந்ததே அவருக்கு. வாசித்திருந்தால் என்ன நினைத்தார்? யாரிடம் கேட்கிறது? இனிக் கேட்கிறதுக்கு ஆளே இல்லை.

தை 21, செவ்வாய்

வேலைக்கு லீவு. பார்வைக்கு வைத்த இடத்துக்கு இவருடைய காரில். கீழ்வீட்டு மலர் அக்காவும் வந்தா. வாசலில் சப்பாத்துக் குவியல், உருகின தண்ணீர், அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையின் ரோஸ் சப்பாத்து.

அவருக்குக் கோட் சூட் போட்டிருந்தார்கள். அவர் கோட் சூட் போட்டு நான் கண்டதில்லை. யாரோ ஒரு ஆபீசரைக் கிடத்தியது போல. கண்ணாடி போட்டிருந்தது. தொப்பி இல்லை.

பெண்கள் எல்லாரும் அவர் மனுசி பவானியைக் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். தெரிந்தவர், தெரியாதவர், எல்லாரும். அதுதானே முறை. செத்தவீட்டில் யாரும் யாருக்காகவும் அழலாம். நான் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். தொடங்கினால் நிற்பாட்ட ஏலாது என்று தெரியும்.

மலர் அக்கா முழங்கையால் இடித்தா. "அழன் பிள்ளை, கொஞ்சமெண்டாலும். சனம் பாக்குது. ஒண்டா ஒரு வகுப்பில இருந்தனீங்கள்."

"வருகுதில்லை அக்கா."

பவானியின் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி. "வசந்தியக்காவோ? உங்களைப் பற்றி அவர் சொல்லுறவர். வகுப்பில நீங்கள்தான் கெட்டிக்காரியாம்." அவளுக்கு முப்பத்தாறு வயதுதான் இருக்கும். ஓம் என்றேன்.

சுற்றி வந்து பூப் போட விட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு செக்கன். பின்னால் நின்றவர் தள்ளினார்.

காரில் மலர் அக்கா: "உனக்குக் கல்நெஞ்சு வசந்தி. நான் ஆரெண்டு தெரியாத ஆளுக்கே அழுதன்." இவர் சிரித்தார்.

தை 23, வியாழன்

சைபருக்குக் கீழே பதினெட்டு.

போகாமல் விடலாம் என்று இருந்தேன். கால் போய்விட்டது.

மதாம் பெயர் கூப்பிட்டா. அவர் பெயருக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு தமிழர் அங்கே இல்லை, நான்தான் சொல்ல வேணும். இறந்துவிட்டார் என்பதற்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியும், போன வருடமே படித்தது. சொன்னேன். மதாம் வாயைப் பொத்தினா. பிறகு கிட்ட வந்து, உனக்கு அவர் யார் என்று கேட்டா. சகோதரனா? சொந்தமா?

எனக்குத் தெரிந்த சொற்களைத் தேடிப் பார்த்தேன். புருசன், சகோதரன், மச்சான், அயலவன். அயலவன் என்றேன். அவர் வேறு தெரு.

ஒரு நிமிடம் எழும்பி நின்றோம். பிறகு மிச்சப் படம்.

வாத்தியார் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. அடுத்த வருடம் அந்தக் கிழமை வருகிறது, மனுசி அறையைக் கூட்டித் துடைத்துக் கட்டில் விரித்துக் காத்திருக்கிறாள். வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் சன்னலில் 'அறை வாடகைக்கு' என்று பலகை தூக்குகிறாள்.

வகுப்பில் சண்டை. கிரேக்கக் கிழவர் மேசையில் அடித்தார்: "இரண்டு டிக்கெட் எடுத்திருக்க வேணும், மடையன்!" வங்காளதேசத்து மனுசி: "அவள் புருசன் என்ன பாவம் செய்தான்?" ஹெய்ட்டிப் பெடியன் இருவருக்கும் கை தட்டினான். எனக்குப் பக்கத்துக் கதிரையில் யாரோ கோட்டைப் போட்டுவிட்டார்கள். எடுத்து வேறு இடத்தில் போட்டேன்.

வீட்டுப்பாடம் வாசிக்கச் சொன்னா. கொப்பி துலைந்துவிட்டது என்றேன்.

மெட்ரோவுக்கு நடந்தேன். நாலு நிமிடம் இல்லை, இரண்டரை.

தை 24, வெள்ளி

பவானி போன் எடுத்தாள். நாளைக்கு எட்டுச் செலவாம், எட்டாம் நாள் படையல். சமையலுக்கு ஆள் காணாது, வரமுடியுமா அக்கா? இவர் பக்கத்தில் நின்று, போ, போ, பாவம் அந்தப் பிள்ளை என்றார்.

கொப்பியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் ஊசி குத்தியது இன்று இரண்டு தரம்.

தை 25, சனி

எல்லாம் எழுத ஏலுமோ தெரியாது.

காலை எட்டு மணிக்கே பவானி வீடு. மூன்றாம் மாடி, வெளிப்படியில் ஐஸ். கோட்டுகளைக் கட்டிலில் குவித்திருந்தார்கள். என்னுடையதும் அதற்குள், பச்சை மப்ளரோடு. நான் பிட்டு அவித்தேன். மலர் அக்கா நண்டு. குசினி முழுக்கப் பெண்கள், ஜன்னலில் நீராவி.

அவருக்கு விருப்பமானதெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். வாழையிலையில் பிட்டு, நண்டுக் கறி, முட்டைப் பொரியல். பக்கத்தில் ஒரு பியர் ரின், சிகரெட் பக்கெட். "டொக்டர் நிப்பாட்டச் சொன்னது, இப்ப என்ன" என்றாள் பவானி. மண்ணிறத் தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில் வகுப்புக் கொப்பி.

என்னுடையதா என்று எட்டிப் பார்த்தேன்.

பவானி அலுமாரியைத் திறந்து இன்னொரு கொப்பி எடுத்தாள். "இது உங்கட அக்கா. அவற்ற பைக்குள்ள கிடந்தது. பேர் எழுதிக் கிடக்கு." தந்துவிட்டாள். ஒரு கிழமையாகப் பயந்தது அவ்வளவுதான். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பிறகு படத்துக்கு முன்னால் இருந்த கொப்பியைத் தூக்கினாள்.

"இது அவற்ற. கடைசிப் பக்கத்தில என்னவோ எழுதியிருக்கிறார் அக்கா. வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக்கக் குசினி மேசையில இருந்து எழுதினவர். ஒரு நாளும் அப்பிடி இருந்து எழுதேல்லை. என்ன எழுதிறியளெண்டு கேட்டன், வீட்டுப்பாடமெண்டார். விடியத்தான்..." கொப்பியை என்னிடம் நீட்டினாள். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ. அவர் கடைசியா எழுதினது."

எல்லாப் பெண்களும் கிட்ட வந்தார்கள். மலர் அக்கா அகப்பையோடு குசினி வாசலில்.

கோழி கிளறின எழுத்து. ஐந்து வரி. பார்த்தவுடனே என்னுடைய வரிகள்தான் என்று தெரிந்தது, பார்த்து எழுதியிருக்கிறார், சொன்னதுபோல. சரி, விளங்காமல் கொப்பியடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு வாசித்தேன்.

உங்கள் பச்சை மப்ளரைக் கண்டால் எனக்குக் குளிர் தெரியாது.

நான் மண்ணிறத் தொப்பி என்று எழுதியிருந்தேன். அவர் பச்சை மப்ளர் என்று எழுதியிருக்கிறார்.

நீங்கள் சிரிப்பை அடக்கினால் நான் எண்ணுவேன்.

நான் எழுதினது இருமல்.

வாசித்திருக்கிறார். விளங்கியிருக்கிறது. மறுமொழி எழுதியிருக்கிறார். ஒரு கிழமையாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்தாளின் எட்டு வீட்டில், அவர் மனுசி கையால் நீட்டி, இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க.

"என்ன அக்கா? என்ன எழுதியிருக்கு?"

மப்ளர் அடுத்த அறையில் கோட்டுகளுக்கு மேலே கிடக்கிறது. வாய் திறந்தேன், அது வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறார் பவானி."

"எனக்கோ?"

"உன்ர சிவப்புச் சீலையைக் கண்டால் எனக்குக் குளிர் தெரியாது எண்டு."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "கூறையைச் சொல்லுறார் அக்கா. என்ர கூறையை." வேறு எந்தச் சீலை? எல்லாருக்கும் கூறை சிவப்புத்தானே. அதை நினைத்துத்தான் நான் சொன்னேனோ, தெரியாது.

மிச்சத்தையும் கேட்டாள். சொன்னேன். நீ சிரிப்பை அடக்கினால் நான் எண்ணுவேன். நீ எழும்பிப் போன கதிரையில் வேறு ஆளை இருக்க விடமாட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இரண்டும் அவர் மாற்றவில்லை, என்னுடையது அப்படியே.

ஐந்தாவது வரியை வாசித்தேன், சொல்லவில்லை. கொப்பியை மூடிக் கொடுத்துவிட்டேன்.

"பதினொரு வருசத்தில ஒரு நாள் என்னோட இப்பிடிக் கதைச்சதில்லை அக்கா. சோத்தைப் போடு, பிள்ளையைப் பார், அவ்வளவுதான். நெஞ்சுக்க வைச்சுக்கொண்டே இருந்திருக்கிறார்."

"குடுத்து வைச்சனி பிள்ளை" என்றா மலர் அக்கா. அகப்பையிலிருந்து நண்டுக் குழம்பு நிலத்தில் சொட்டியது.

பவானி என்னைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். அப்போதுதான் எனக்கும் வந்தது. பெரிய சத்தமாக. என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் அழுதபடியால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

போகும்போது மப்ளரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். இவர் காருக்குள்ளிருந்து, "கழுத்தில ஒண்டுமில்லாமல் வாறாய், தடிமன் பிடிக்கப்போகுது" என்று சத்தம் போட்டார்.

தை 26, ஞாயிறு

தடிமன் பிடித்துவிட்டது.

என் கொப்பியைத் திறந்து பார்த்தேன். அதில் அவர் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று. என்னுடையது என்னிடம் வந்துவிட்டது. எனக்கு எழுதினது அவளிடம். கேட்க ஏலாது. களவெடுக்கவும் ஏலாது. படத்துக்கு முன்னால் விளக்கு வைத்துக் கும்பிடுகிறாள்.

அவளை வெறுக்கலாம் என்று பார்த்தேன். நண்டுக் கறி கட்டித் தந்துவிட்டிருந்தாள். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

தை 29, புதன்

மழையும் சினோவும் கலந்து. றோட்டெல்லாம் சேறு.

பவானி போன்.

"அக்கா, முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்கக் குடுக்கப்போறம். என்ர அண்ணா சொல்லுறார் அவர் எழுதினதையும் போடட்டாம், அவற்ற படத்துக்குக் கீழ. நீங்கள் சொன்னதைத் தமிழில எழுதித் தாறியளோ?"

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற அந்தப் புத்தகம் ஊரில் எல்லா வீட்டுக்கும் போகும். எங்கள் வீட்டுக்கும் வரும்.

"எனக்கு எழுத்து வடிவில்லை பவானி. வேற ஆரிட்டயும்..."

"வேற ஆருக்குக் காட்டுறது அக்கா? இது எனக்கு எழுதினது. உங்களுக்குத்தான் காட்டினனான்." பிறகு சொன்னாள்: "இன்னொண்டு. நேற்றும் எடுத்துப் பாத்தன். ஐஞ்சு வரி கிடக்கு. நீங்கள் நாலுதான் சொன்னியள். கடைசியில சின்ன வரி ஒண்டு. அது என்ன?"

மூக்கடைப்பு, காது கேட்கவில்லை என்றேன்.

"அதையும் எழுதுங்கோ அக்கா. ஒண்டையும் விட்டுடாதேங்கோ."

தை 30, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. மேசையில் இருந்தேன். கோடு போட்ட தாள், நீலப் பேனை. இவர் ஹொக்கி பார்க்கிறார்.

நாலு வரியும் எழுதினேன். 'நீ' போட்டு. சிவப்புச் சீலை போட்டு. இரண்டு தாள் வீண்.

ஐந்தாவது. நான் வியாழன் போதும் என்று எழுதியிருந்தேன். அவர் எழுதியது: வியாழன் போதாது.

இரண்டே சொல். அவளுக்கு வியாழன் என்று ஒரு நாள் இல்லை. அப்படியே எழுதினால் ஏன் வியாழன் என்று கேட்பாள், அண்ணன் கேட்பான், அச்சுக்காரன் கேட்பான். விடவும் முடியாது, வரியை எண்ணி வைத்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். போதாது என்றதையாவது விட்டு வைக்க வேணும் போல இருந்தது. அது ஒன்றுதான் எனக்கென்று அவர் சொன்ன சொல்.

எழுதினேன்: இந்தப் பிறவி போதாது.

விளம்பரத்துக்கு இவர் எழும்பி வந்தார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"செத்தவீட்டுக்கோ?"

"ஓம். கல்வெட்டுக்கு."

முழுவதும் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதைத்தானே எல்லாக் கல்வெட்டிலயும் போடுறவை. அந்தாள் வேற ஒண்டும் எழுதேல்லையே?"

இல்லை என்றேன்.